புகார்: டிரைவர் பானெட்டைத் திறக்கிறார்

ஆக்டிங் டிரைவர் வேலையில் வண்டி அடுத்தவருடையது, டீசல் அடுத்தவருடையது, பாட்டுகூட அடுத்தவர் போடுவதுதான். வண்டி நடுரோட்டில் ஆவி விட்டு நின்றால் விழுகிற திட்டு மட்டும்தான் நமக்கே நமக்கு. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் என்னைப் போல ஊரார் காரை ஓட்டிப் பிழைக்கும் சகோதரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் வாங்கியிருப்பீர்கள்.

அந்தத் திட்டுக்குப் பயந்துதான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். யார் வண்டியானாலும் சாவி கைக்கு வந்ததும் பானெட்டைத் திறந்து கூலன்ட் பார்ப்பேன். என்ஜின் பக்கத்தில் பால் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா, அதன் மேல் இரண்டு கோடு. என்ஜின் சூட்டைத் தணிக்கிற அந்தப் பச்சைத் தண்ணீர் (சில வண்டியில் சிவப்பு) இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்திருந்தால் என் பையில் இருக்கிற பாட்டிலிலிருந்து ஊற்றுவேன். என்ஜின் ஆறியிருக்கும்போதுதான் செய்ய வேண்டும். சூட்டோடு மூடியைத் திருகினால் கொதிநீர் நம் முகத்தைத் தேடி வரும். மொத்தத்தில் ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகாது. இந்தச் சின்ன வேலைதான் என் பிழைப்புக்கே உலை வைக்கப் பார்த்தது.

எனக்கு இந்த வேலை உயிர். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் மெஷின் முன்னால் நின்று வருஷக்கணக்கில் ஒரே சுவரைப் பார்த்தவன் நான். இப்போது தினம் ஒரு கார், தினம் ஒரு குடும்பம், பின்சீட்டில் தினம் ஒரு புதுச் சண்டை. இதை விட்டுவிட்டு மறுபடி அந்தச் சுவரா?

கிளம்பியாச்சு, ஆனா கிளம்பலை

பூந்தமல்லியில் ஒரு வீடு. மகனுக்கு வேலூரில் நிச்சயதார்த்தம். சனிக்கிழமை, ஒன்பது மணிக்கு ராகு காலம். நான் எட்டே முக்காலுக்குப் போனால் வாசலில் வண்டியைக் காணோம். உள்ளே பெண்கள் இன்னும் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ராகு காலத்துக்கு முன்னால் புறப்பட்டதாக இருக்கட்டும் என்று வீட்டுக்காரரே காரை எடுத்துப் போய், தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, ஏசியில் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் போய்ச் சேர ஒன்பதே கால் ஆகிவிட்டது.

பானெட்டைத் தூக்கினேன். என்ஜின் அனலாகக் கொதிக்கிறது, டப்பாவில் கூலன்ட் கீழ்க்கோட்டுக்கும் கீழே கிடக்கிறது. "ஆஃப் பண்ணுங்க சார், ஆறினதும் ஊத்திட்டுப் போயிடலாம்" என்றேன். அவர் பதறிப்போனார். ஆஃப் செய்தால் புறப்பட்டது புறப்படாததாகிவிடும். மறுபடி ஸ்டார்ட் செய்தால் நட்ட நடு ராகு காலத்தில் புறப்பட்டதாகிவிடும். அவர் கணக்கில் ஒரு ஓட்டையும் இல்லை. நானும் ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன் என்று நின்றேன்.

அவருடைய மனைவிதான் தீர்த்து வைத்தார். கைநீட்டிச் சாவியைத் திருகி அணைத்துவிட்டு, ஃபிளாஸ்க்கைத் திறந்து கோயில் படியில் எல்லோருக்கும் காபி ஊற்றினார். மாப்பிள்ளைப் பையன் பட்டு வேட்டியோடு படியில் உட்கார்ந்து போனில் பெண்ணிடம் சிரித்துச் சிரித்துப் பேசினான். என்ஜின் ஆறுவதற்கும் ராகு காலம் முடிவதற்கும் சரியாக இருந்தது. ஆனாலும் வீட்டுக்காரர் முகம் தெளியவில்லை. அந்த அம்மா அவர் கையில் டம்ளரைத் திணித்தபடி சொன்னார்:

"வேலூர் ரோட்டுல காபிக்கு நிறுத்தினா பயணம் கேன்சலாயிடுமா? வண்டி வழியில காபி குடிக்குதுன்னு நெனச்சுக்குங்க!"

மூடியை மோப்பம் பிடிக்கிறவன்

எங்கள் ஆபீஸ் ஆவடி ஸ்டேஷன் பக்கம், ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில். நடத்துகிறவர் சுகுமார். டிரைவர் வேண்டுமென்றால் கஸ்டமர் அவருக்கு போன் செய்வார். அவர் அதை போனில் எங்கள் குரூப்பில் போடுவார். முதலில் "நான்" என்று பதில் போடுகிறவனுக்கு அந்த டிரிப். குரூப்பில் பெயர் இல்லாதவனுக்கு வேலை இல்லை.

பூந்தமல்லிக்காரர் கோயில் படியில் காபியைக் குடித்துக்கொண்டே சுகுமாருக்கு போன் போட்டிருக்கிறார். அதற்கு முன்பே என் மேல் புகார்கள் சேர்ந்திருந்தன. புது வண்டியில் கைரேகை பட்டுவிட்டதென்று ஒருவர். பூஜை போட்ட வண்டியின் வாயைக் கிளம்பும்போது திறந்தது அபசகுனம் என்று இன்னொருவர். சுகுமார் என்னைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தார். அவர் கத்துகிறவர்தான், ஆனால் கெட்டவர் இல்லை.

"இன்னா பாஸ்கரு, நீ டிரைவரா டாக்டரா? சாவி குட்த்தா ஓட்டிகினு போவியா, அத்த வுட்டுட்டு மூடிய மோந்து பாத்துகினு கீறியே! இன்னோரு கம்ப்ளெய்ன்ட் வரட்டும், குரூப்லேர்ந்து உன் பேரத் தூக்கிருவேன்!"

டப்பாவில் துளசி

பழக்கத்தை விட முடியவில்லை. ஒளித்துச் செய்ய ஆரம்பித்தேன். கால் மணி முன்னதாகப் போய், "கண்ணாடி அட்ஜஸ்ட் பண்ணணும்" என்று சாவி வாங்கி, வீட்டுக்காரர்கள் தலை சீவி முடிப்பதற்குள் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போலக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிற்பேன். திருட்டு தம் அடிக்கிற காலேஜ் பையன் கெட்டான்.

கோவில்பதாகையில் ஏழுமலை என்று ஒரு வெல்டர். அப்பா காலம்வரை வயலில் கூலி வேலை. இவர் ஃபேக்டரிக்குப் போய், அந்தக் குடும்பத்திலேயே முதல் கார் வாங்கியிருந்தார். பழைய கார்தான், ஆனால் மாலையும் பொட்டுமாகப் புது மணப்பெண் போல நின்றது. லைசென்ஸ் இன்னும் வரவில்லை, அதனால் திருத்தணி போக என்னை அழைத்திருந்தார். ரகசியமாகப் பானெட்டைத் திறந்தேன். கூலன்ட் டப்பாவில் துளசி இலை மிதக்கிறது! மூடியைத் திறந்தால் பச்சைக் கற்பூர வாசனை. தலையைத் தூக்கினால் ஏழுமலை எதிரே நிற்கிறார். மாட்டிக்கொண்டேன் என்று நான் விழிக்க, அவர் என்னைவிட அதிகமாக விழித்தார்.

பெருமாள் கோயிலில் வண்டிக்குப் பூஜை போட்டபோது டயருக்கெல்லாம் தெளித்தது போக, சொம்பில் மீந்த தீர்த்தத்தைக் கீழே ஊற்ற அவருக்கு மனசு வரவில்லையாம், இந்த டப்பாவில் ஊற்றிவிட்டார். இருவருமாக ஒரு டியூபைப் போட்டு அதை உறிஞ்சி எடுத்துச் செடிக்கு ஊற்றினோம். பிறகு கோடு வரைக்கும் கூலன்ட் ஊற்றினேன். திருத்தணி மலைப் பாதையில் டெம்பரேச்சர் முள் அசையவே இல்லை. மேலே போய் இறங்கியதும் அவர் பானெட்டைத் தட்டிக்கொடுத்தார்:

"தீர்த்தத்த ஊத்துனது தப்புதான் நைனா. ஆனா பெருமாள இன்ஜின் வரிக்கும் இட்டுகினு வந்த மொத ஆளு நான்தான்!"

விசில்

சென்னீர்குப்பத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. கணவன், மனைவி இருவருக்கும் ஐ.டி. வேலை. சொந்த ஊரான கோயம்புத்தூருக்குக் காலை ஆறு மணிக்குக் கிளம்பத் திட்டம். நான் மாடிக்குப் போய்ச் சாவி வாங்கிக்கொண்டு, கீழ்த்தளப் பார்க்கிங்குக்கு வந்து, அரையிருட்டில் போன் லைட்டைப் பல்லில் கடித்தபடி பானெட்டுக்குள் தலையை விட்டேன். நான் வந்தபோது டீ குடிக்கப் போயிருந்த வாட்ச்மேன் அந்த நேரம் பார்த்துத் திரும்பினார். போன மாதம் அங்கே ஒரு வண்டியில் பேட்டரி காணாமல் போயிருக்கிறது. பெரியவர் அடித்த விசிலில் என் வாயிலிருந்த போன் என்ஜினுக்குள் விழுந்தது.

துண்டோடும், நைட்டியோடும், வாயில் பிரஷ்ஷோடும் மொத்தக் குடியிருப்பும் இறங்கி வந்துவிட்டது. கடைசியாக ஓடி வந்த என் கஸ்டமர் பெண், "ஏனுங்க, அவரு நம்ம டிரைவருங்க!" என்று என்னை மீட்டார். அப்படியானால் உள்ளே என்ன செய்தாய் என்று கேட்டார்கள். வேறு வழியில்லாமல் டப்பாவையும் கோட்டையும் காட்டினேன். ஒருத்தர் மெதுவாக, "எங்க வண்டிலயும் இது இருக்குங்களா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான், திருவிழா. பானெட் திறக்கிற லீவரைத் தேடி ஒருவர் டிக்கியைத் திறந்தார், இன்னொருவர் பெட்ரோல் மூடியைத் திறந்தார். ஒரு வண்டியில் டப்பா வறண்டு கிடந்தது. இன்னொன்றில் எலி ஒன்று பிஸ்கட் கவரோடு குடித்தனம் நடத்தியிருந்தது. எலெக்ட்ரிக் கார்க்காரர், "என்ஜினே இல்லை, ஆனா டப்பா இருக்கு!" என்று குதித்தார். எல்லா பானெட்டும் தூக்கி நின்றன. வாட்ச்மேன் விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டார்:

"திருடன்னு ஒர்த்தனப் புட்ச்சேன் மாமே. இப்போ அல்லாரும் பானெட்டத் தொறந்துகினு நிக்கிறாங்கோ, யாரப் புடிக்கிறது?"

பெயர் போனது

அங்கே சிரித்தது சிரித்தபடி இருக்க, விசிலும் 'டிரைவர்' என்ற வார்த்தையும் மட்டும் காதில் விழுந்த குடியிருப்புச் சங்கச் செயலாளர், அங்கே வழக்கமாக டிரைவர் அனுப்புகிற சுகுமாருக்கு மாடியிலிருந்தே போன் செய்து, உங்கள் டிரைவர் திருட்டில் பிடிபட்டார் என்று சொல்லிவிட்டிருந்தார். வழியில் டிபனுக்கு நிறுத்தி, என்ஜின் இடுக்கிலிருந்து மீட்ட போனைப் பார்த்தேன். குரூப்பில் என் பெயர் இல்லை. கோயம்புத்தூர் வரை சிரித்த முகத்தோடு ஓட்டினேன். திரும்பி வந்த பஸ்ஸில், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். பழைய கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களா என்றுகூட விசாரித்துவிட்டேன்.

சில நாள் கழித்து சுகுமார் கூப்பிட்டார். எதிர் நாற்காலியைக் காட்டிவிட்டு, போனை ஸ்பீக்கரில் வைத்தார். அதே செயலாளர் கத்திக்கொண்டிருந்தார். நேற்று அனுப்பிய டிரைவர் வந்தார், ஏறினார், நேராக வண்டியை எடுக்கப் போனார். பானெட்டைத் திறக்கவே இல்லை. நாங்கள் யாரும் வர மாட்டோம் என்று இறங்கிவிட்டோம். என்ன ஆபீஸ் நடத்துகிறீர்கள்? அந்தத் திட்டு என் காதில் தேனாகப் பாய்ந்தது. சுகுமார் போனை வைத்துவிட்டு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"தொறந்தாலும் கம்ப்ளெய்ன்ட், தொறக்காட்டியும் கம்ப்ளெய்ன்ட்! சேத்துட்டேன்பா, போ. போறப்போ கீழ நிக்கிற பசங்களுக்கு அந்த டப்பா எங்க கீதுன்னு காட்டிட்டுப் போ!"

இப்போது எங்கள் குரூப்பில் எல்லா டிரைவர்களும் கிளம்புமுன் பானெட்டைத் திறந்து பயபக்தியோடு உள்ளே உற்றுப் பார்க்கிறார்கள். எதைப் பார்க்கிறோம் என்று பாதிப் பேருக்கு இன்னும் தெரியாது, ஆனால் புகார் மட்டும் ஒன்றுகூட வருவதில்லை.