பீரோக் கதவில் ஒரு முக்கோணம்

அந்தப் பச்சை பீரோவின் கதவில் அக்கா சாக்பீஸால் ஒரு முக்கோணம் போட்டார். பெரம்பலூர்ப் பக்கம் நாங்கள் வேலை பார்த்த பொறியியல் கல்லூரியில் கரும்பலகைக்கா பஞ்சம்? வேண்டுமென்றேதான் அதில் போட்டார். வேலைக்குச் சேரும் அன்றே எங்கள் அசல் சான்றிதழ்களை வாங்கி அந்த பீரோவில்தான் பூட்டினார்கள். வேறு வேலைக்கு ஓடிவிடக் கூடாதாம். துறையில் எனக்கு மூத்தவர் என்பதால் அவரை அக்கா என்பேன்.

அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் குவாரி ஒன்றில் காற்று எப்படிச் சுழல்கிறது, தூசி எங்கே போகிறது என்று கணினியில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். குழியோ கோணல்மாணல். சதுரக் கட்டம் ஒட்டாது. சிறிதும் பெரிதுமான முக்கோணங்களால்தான் நிரப்ப வேண்டும். மூலைகளில் காற்றின் வேகம் தெரியும். அதைக்கொண்டு உள்ளிருக்கும் புள்ளிக்கு மதிப்பிட வேண்டும். நான் மூன்றையும் கலந்து சராசரி எடுத்தேன். நிஜக் குழியில் மண்ணை வாரிச் சுழற்றும் காற்று என் திரையில் செத்துக் கிடந்தது.

“சராசரி எடுத்தா அப்படித்தான்டி. உள்ள இருக்கற புள்ளி தலகீழா நின்னாலும் வேகம் அதிகமா இருக்கற மூலையத் தாண்டாது,” என்று முக்கோணத்துக்குள் ஒரு புள்ளி வைத்தார் அக்கா. “பக்கத்து முக்கோணத்தையும் கேளு. வேகம் எந்தப் பக்கம் ஏறுதுன்னு பாத்துப் போடு.”

போட்டேன். சுழல் எழுந்தது. ஆனால் குழியை விட்டு வெளியே வராமல் அங்கேயே சுற்றியது. அக்கா அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது அவருக்கு பெங்களூரில் இதே மாதிரிக் கணக்குப் போடும் வேலை கிடைத்திருந்தது. சேர அசல் சான்றிதழ் வேண்டும். முதல்வரோ, “செமஸ்டர் முடியட்டும்மா, பாப்போம்,” என்றார். செமஸ்டர்கள் முடிந்தன. தொலைந்துவிட்டதாகப் போலீசில் எழுதிக்கொடுத்தால் நகல் வாங்கலாம் என்று எல்லோரும் சொன்னோம்.

“தொலையலையே! அந்தா, பீரோவுல இருக்கு. இல்லாததை நான் ஏன் எழுதணும்?” என்று சீறினார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. இவ்வளவு பிடிவாதம் ஆகுமா? வேலை வேறு யாருக்கோ போனது. ஒரு மதியம் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பியவர்தான், திரும்பி வரவில்லை. இப்போது தா.பழூரில் டியூஷன் எடுக்கிறார். சான்றிதழ்கள் இங்கேயே கிடக்கின்றன.

போன வாரம் நானும் என் சான்றிதழைக் கேட்டு முதல்வர் முன்னால் போய் நின்றேன். ஆள் புதியவர், பதில் பழையது. நேற்று போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன்.

“என்னம்மா தொலைஞ்சுபோச்சு?” என்றார் ஏட்டு.

எழுதி வைத்திருந்த மனுவை மடித்துக் கைப்பைக்குள் போட்டேன்.

“ஒண்ணும் தொலையலைங்க,” என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

இன்று காலை பீரோவின் முன் நின்றேன். துடைத்துத் துடைத்து அக்கா போட்ட முக்கோணத்தில் ஒரு பக்கம்தான் மிச்சம். சாக்பீஸை எடுத்து மற்ற இரண்டு பக்கங்களையும் இழுத்து முக்கோணத்தை மூடினேன்.