பதினோரு வீடும் நலம்

தோமிகோவுக்கு இரண்டு வெள்ளரிக்காய் கொடுத்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தவர்கள், பதினோரு வீடுகள் சேர்ந்த எங்கள் ஆறாவது குழுவில் யாரும் கிடையாது. நாம் வீடு திரும்பிச் செருப்பைக் கழற்றுவதற்குள் பின்னாலேயே வந்து நிற்பார். கையில் எலுமிச்சை ஜாமோ, அவித்த நிலக்கடலையோ இருக்கும். வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது, வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போகக் கூடாது என்பதெல்லாம் இங்கே எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான். ஆனால் தோமிகோ அதை ஒரு பந்தயம் மாதிரி நடத்துவார். பக்கத்து வீட்டுக்காரியான நான் இருபது வருஷமாகத் தோற்றுக்கொண்டே இருந்தேன்.

சலவைக் கடையில் இருபத்தாறு வருஷம் இஸ்திரி போட்டவர். பேச்சும் மடிப்புக் கலையாமல் இருக்கும். அவர் கணவர் கிசாகு பஸ் ஓட்டியவர். ஸ்டியரிங்கைப் பிடித்ததைவிட சிகரெட்டைப் பிடித்தது அதிகம். நுரையீரல் போய், மூக்கில் குழாயோடு உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் நாள் முழுக்க உறுமிக்கொண்டிருக்கும். அந்த நிலையிலும் அவருக்கு நக்கல் குறையவில்லை.

"நான் மூச்சு வாங்கறேன். இவ யாருகிட்டயும் ஒரு தீப்பெட்டிகூட வாங்க மாட்டா" என்பார்.

"அடுத்தவங்களுக்கு எதுக்குத் தொந்தரவு?" என்பார் தோமிகோ. அவர் பேச்சில் பாதி இதுதான்.

அந்த செப்டம்பரில் திங்கட்கிழமை விடியற்காலையில் புயல் அடித்தது. என் கூரையில் பாதி ஓடு பறந்துவிட்டது. மலைச்சரிவில் இருந்த செடார் மரங்கள் வரிசையாக விழுந்து மின்கம்பங்களையும் சாய்த்து, டவுனுக்குப் போகும் சாலையையும் அடைத்துக்கொண்டன. கரண்ட் இல்லை, போன் இல்லை. புயல் போன கையோடு வெயில் வந்து கொளுத்தியது.

மத்தியானம் நகராட்சியிலிருந்து ஷீனா என்பவர் மரங்களைத் தாண்டித் தாண்டி நடந்து வந்து, தோமிகோவிடம் ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த மார்ச் முடியும்வரை குழுத் தலைவர் முறை தோமிகோவுக்கு. வீட்டுக்கு என்ன உதவி தேவை என்று ஒவ்வொருவரும் எழுதி, கையெழுத்துக்குப் பதிலாகத் தன் பெயர் முத்திரையைக் குத்தி, அடுத்த வீட்டுக்குத் தர வேண்டும். தாளைச் செருகிய எங்கள் சுற்றுப் பலகை எப்போதும் அப்படித்தான் வீடு வீடாகப் போகும், திருவிழா அறிவிப்பானாலும் சரி, சாக்கடை சுத்தம் செய்வதானாலும் சரி.

அடுத்தது நான். பலகையைப் பார்த்தேன். முதல் வரி தோமிகோவின் அழகான கையெழுத்தில்: "நலம். மற்ற வீடுகளை முதலில் கவனியுங்கள்."

மெஷினை நம்பி மூச்சு விடுகிற ஆள் இருக்கிற வீடே நலம் என்றால், என் கூரை எந்த மூலைக்கு? நானும் "நலம்" என்று எழுதிக் குத்தினேன். எனக்கு அடுத்த வீட்டு அகிபாவும் அப்படியே. நான்காம் வீட்டில் குடிக்கத் தண்ணீர் இல்லை. அவர்களும் நலம். செவ்வாய்க்கிழமை காலையில் ஷீனா பதினோரு நலத்தையும் வாங்கிக்கொண்டு போனார்.

புதன்கிழமை, பனி உருகிப்போன ஃப்ரீசரிலிருந்து மீன்களை எடுத்து, தோட்டத்தில் கரி அடுப்பு மூட்டிச் சுட்டேன். ஆறு மீனைத் தட்டில் வைத்து தோமிகோ வீட்டு வாசலில் கொடுத்துவிட்டு வந்தேன். வந்து உட்கார்ந்து காத்திருந்தேன். அரை மணி ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. தட்டு வரவில்லை.

இருபது வருஷத்தில் முதல் தடவையாக ஜெயித்திருக்கிறேன் என்று எனக்குச் சந்தோஷம் வரவில்லை. எழுந்து ஓடினேன்.

கிசாகு சுவரில் சாய்ந்து, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. தோமிகோ ஒரு கையால் அவருக்கு விசிறிக்கொண்டே, கரண்ட் போனால் உதவ வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டரின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலி சிலிண்டர்கள் ஐந்து பக்கத்தில் கிடந்தன. மீன் தட்டு தொடாமல் அப்படியே இருந்தது.

"தட்டைத் திருப்பிக் குடுக்கல, மாகி சான். மன்னிச்சுக்கோங்க" என்றார் என்னைப் பார்த்ததும்.

"தட்டு கெடக்குது! எத்தனை சிலிண்டர் இருக்கு?"

"இதுதான். அசையாம இருந்தா சாயங்காலம் வரைக்கும் வரும்."

"அதுக்கப்புறம்?"

அவர் முள்ளையே பார்த்தார். விசிறி மட்டும் நிற்கவில்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஷீனாவின் குரல். வியர்வை வழியச் சிரித்துக்கொண்டே வந்து, தோமிகோவை மரியாதையாகக் குடும்பப் பெயரோடு 'சான்' சேர்த்துக் கூப்பிட்டார். "நெமோதோ சான், ஆபீஸ்ல உங்க குழுவைப் பத்தித்தான் பேச்சு! பதினோரு வீடும் நலமாம். வேற எங்கயும் இப்படி இல்ல. அதான் ஜெனரேட்டர் வண்டியைக் கடற்கரைப் பக்கம் அனுப்பிட்டோம். நாளைக்கு சாயங்காலம்தான் திரும்பும்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. நானும்தானே குத்தினேன்.

"ஷீனா சான், அந்தத் தாள் கையில இருக்கா?" என்று கேட்டார் தோமிகோ.

இருந்தது. தோமிகோ போய் ஸ்கேல் எடுத்து வந்தார். அந்த நேரத்திலும் ஸ்கேல்! தன் வரியின் மேல் நேராக இரண்டு கோடு இழுத்தார். திருத்தியது தான்தான் என்று காட்ட, கோட்டின் மேல் தன் முத்திரையைக் குத்தினார். அவசரத்தில் அது கோணலாக விழுந்தது. கீழே எழுதினார்: "உதவி வேண்டும். முதலில் எங்கள் வீட்டுக்கு வாருங்கள்."

"கோணலா விழுந்திடுச்சு" என்றார் அழாத குறையாக.

கிசாகு கண்ணைத் திறக்காமலே சொன்னார், "செல்லும். விடு."

ஷீனாவின் முகம் வெளுத்துவிட்டது. வாக்கி டாக்கியில் கத்தினார். வண்டி எங்கேயோ சேற்றில் நின்றிருந்தது. அதற்குள் தோமிகோ செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பின்னாலேயே நான். நேராக அகிபா வீடு.

அகிபா வெளியே வந்ததும் தோமிகோ குனிந்து வணங்கினார். வழக்கமாக வருகிற 'தொந்தரவுக்கு மன்னிக்கணும்' எல்லாம் வரவில்லை.

"உங்க பழத்தோட்டத்து ஷெட்டுல ஜெனரேட்டர் இருக்கு. அது எனக்கு வேணும். இப்பவே வேணும்."

நான் வாயைப் பிளந்தேன். இவருக்கு முதலிலேயே தெரியும்! மூன்று நாளாகத் தெரியும்!

அகிபாவுக்கோ காதுவரை சிவந்துவிட்டது. "முதல் நாளே பெட்ரோல் ஊத்தி ரெடியா வச்சிருக்கேன். உங்க வீட்டு வாசல் வரைக்கும் ரெண்டு தடவை வந்தேன்."

"வந்துட்டு ஏன்யா திரும்பினீங்க?" என்று நான் பாய்ந்தேன்.

"நலம்னு எழுதி முத்திரையும் குத்தினவங்க. அவங்க வாசல்ல போய் மெஷினை வச்சா, நீங்க எழுதினது பொய்னு சொன்ன மாதிரி ஆயிடாதா?"

சிரிப்பதா அறைவதா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் நேரமில்லை. நாங்கள் மூன்று பேரும் ஷீனாவுமாக அந்த ஜெனரேட்டரைத் தள்ளுவண்டியில் ஏற்றி உருட்டிக்கொண்டு போனோம். கயிற்றை இழுத்ததும் ஊரே அதிர்கிற சத்தம். ஆக்சிஜன் மெஷின் உறும ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கிசாகு கண்ணைத் திறந்து தட்டைப் பார்த்தார்.

"மீன் ஆறிப்போச்சு" என்றார். தோமிகோ அப்போதுதான் அழுதார்.

தாள் மறுபடியும் சுற்றியது. என் கூரை, நான்காம் வீட்டுத் தண்ணீர், எல்லாம் உள்ளபடி ஏறின. பன்னிரண்டாம் நாள் கரண்ட் வரும்வரை அந்தச் சத்தம் ஓயவில்லை. பதினோரு வீட்டிலிருந்தும் பெட்ரோல் வந்தது. அத்தனை வீட்டு போனும் தோமிகோவின் கூடத்தில் சார்ஜ் ஏறியது. சத்தத்தைப் பற்றி ஒருத்தரும் குறை சொல்லவில்லை.

கிசாகு பிப்ரவரியில் இறந்தார், ஆஸ்பத்திரியில், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே. துக்கத்திலும் தோமிகோ சுணங்கவில்லை. அஞ்சலியாக வந்த பணத்துக்கெல்லாம் பதில் பரிசு ஒரு வீடு விடாமல் அனுப்பினார். பார்த்தால் நன்றாக இருப்பது போலத்தான் இருந்தார்.

மார்ச் கடைசியில் சாக்கடை சுத்தம் செய்ய யார் யார் வருகிறீர்கள் என்று பலகை வந்தது. தலைவர் என்பதால் முதல் வரி அவருடையது. "வருகிறேன்" என்று எழுதியிருந்தார். அதன் கீழே, யாரும் ஒன்றும் எழுதாத குறிப்புக் கட்டத்தில், அதே அழகான கையெழுத்து: "நலமில்லை. இன்னும் இரண்டு பேருக்குத்தான் சமைத்துவிடுகிறேன். யாராவது சாப்பிட வாருங்கள்." பக்கத்தில் முத்திரை, நேராக.

நான் என் முத்திரையைத் தேடவில்லை. பலகையை அகிபா வீட்டு வாசலில் வைத்துவிட்டு அப்படியே ஓடினேன். அவர் கதவைத் திறந்து, முதலில் என் கைகளைப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

"நல்லதாப் போச்சு. உள்ள வாங்க" என்றார்.