மூஞ்சியில் தண்ணி

எனக்குப் பிறந்ததிலிருந்தே ஒட்டிய கன்னம். பெண் பார்க்க வந்தவர்களில் ஒரு மாமி, "பொண்ணுக்குச் சோறு போடறீங்களா இல்லையா?" என்று என் அம்மாவைக் கேட்டே விட்டாள். கல்யாணம் முடிந்து எழுபதுகளின் நடுவில் சிட்னியில் வந்து இறங்கியபோதும் அதே கன்னத்தோடுதான் இறங்கினேன். அதனால் இரண்டாவது குளிர்காலத்தில் என் முகம் உப்பத் தொடங்கியபோது நான் பயப்படவில்லை. சந்தோஷப்பட்டேன். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் தொண்டை கட்டி நாலு நாள் காய்ச்சல். ஹோம்புஷில் ரயில் பாதையை ஒட்டிய எங்கள் ஃப்ளாட்டில் ஜன்னல் இடுக்கு வழியாகக் குளிர் வந்துகொண்டே இருக்கும். டாக்டரிடம் போக யோசித்து, உப்புத் தண்ணீரில் கொப்பளித்துச் சமாளித்தேன். காய்ச்சல் விட்டுப் பத்து நாள் இருக்கும், காலையில் எழுந்தால் கண் இமை கனமாக இருந்தது. இன்னும் நாலைந்து நாளில் கன்னமும் சேர்ந்து கொழுகொழுவென்று ஆகிவிட்டது. கண்ணாடி முன்னால் நான் நின்ற நேரம் கூடிப்போனது.

என் கணவருக்கு வாயெல்லாம் பல். "இப்பதான் நீ நல்லா இருக்கே" என்று சொல்லி, ஜன்னல் பக்கம் நிற்கவைத்துப் படம் எடுத்துத் தன் அம்மாவுக்கு அனுப்பினார். இரண்டு தெரு தள்ளி இருந்த யாழ்ப்பாணத்து அக்காவோ, "என்ன பிள்ளை, நல்லாச் சதை போட்டிட்டீர். இஞ்சத்தைத் தண்ணி உமக்குப் பிடிச்சிட்டுது போல" என்று என் கன்னத்தைக் கிள்ளினார். சிறுநீர் கறுத்துப் போனதையும், விடாத தலைவலியையும் நான் யாரிடமும் சொல்லவில்லை. உடம்புச் சூடு என்று நானே தீர்மானித்து, தயிரைக் கடைந்து உப்பை அள்ளிப் போட்டு மோராகக் குடித்தேன். கூடவே ஊறுகாயும். நான் செய்த வைத்தியம் அவ்வளவு அழகு.

சனிக்கிழமைகளில் ரயிலேறி டிக்சன் தெருவுக்குப் போவோம். அரிசி, இஞ்சி, கொத்துமல்லி எல்லாம் அப்போது எங்களுக்குச் சீனர் கடைகளில்தான் கிடைக்கும். நாங்கள் வழக்கமாக வாங்கிய கடையை நடத்திய அம்மாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். மலேசியாவிலிருந்து வந்த சீனப் பெண். கடையின் பின்சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள், உள்ளே காய்ந்த வேரும் பட்டையும். அவருடைய அப்பா ரப்பர் தோட்டத்துக்குப் பக்கத்தில் மருந்துக்கடை வைத்திருந்தாராம். தோட்டத்துத் தமிழர்கள்தான் பாதி வாடிக்கை. கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தே இந்த அம்மா தமிழ் கற்றுக்கொண்டிருக்கிறார். அதனால் அவர் தமிழில் வியாதிகள் எல்லாம் இருந்தன, மரியாதை மட்டும் இல்லை. என் கணவர் உட்பட எல்லோரும் அவருக்கு 'நீ'தான். அந்த நாட்களில் நானும் மனதுக்குள் அவள் இவள் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அவர் என்றுதான் எழுத வருகிறது.

முகம் உப்பிய பிறகு ஒரு சனிக்கிழமை நான் மட்டும் போயிருந்தேன். அரிசி நிறுத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். தராசை அப்படியே விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"உனக்குத் தண்ணி ஜாஸ்தி" என்றார். "மூஞ்சியிலே நல்லாத் தெரியுது."

எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒரு தமிழ் மாணவன் களுக்கென்று சிரித்துவிட்டான். எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது. தண்ணி போடுகிறவள் என்று ஒரு கடை நிறைய ஜனங்களுக்கு முன்னால் சொல்லிவிட்டாளே. எங்கள் வீட்டில் ஆண்கள்கூட அதைத் தொட்டதில்லை. அவர் இன்னும் ஏதோ சொல்ல வந்து கவுண்டரைச் சுற்றி என் பக்கம் வந்தார். நான் அரிசியை அங்கேயே போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். ரயிலில் வரும்போது, இனி அந்த வாசலை மிதிப்பதில்லை என்று முடிவு செய்தாயிற்று. கணவரிடம் காரணத்தைச் சொல்லவில்லை. சொன்னால் அவரும் சிரிப்பார்.

இரண்டு சனிக்கிழமை போகவில்லை. கையிருப்பு அரிசியில் ஓட்டினேன். அதற்குள் செருப்பு காலில் ஏற மறுத்தது. படியேறினால் மூச்சு வாங்கியது. உடம்பு பூசினால் அப்படித்தான் இருக்கும் என்று அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தேன். மூன்றாவது சனிக்கிழமை அரிசி தீர்ந்து, கணவரை அனுப்பினேன். வெறுங்கையோடு வந்தார்.

"அந்தம்மா அரிசி தரமாட்டாளாம். உன்னைக் கூட்டிட்டு வந்தாத்தான் தருவாளாம். என்ன ஆச்சு உங்களுக்குள்ளே?"

என் கோபத்தைக் கேட்கவா வேண்டும். அவமானப்படுத்தியதும் இல்லாமல் அரிசியும் தரமாட்டாளா? "கிளம்புங்க" என்றேன். நான் அன்று போனது சண்டை போடத்தான், வேறு எதற்கும் இல்லை. ரயிலில் வாக்கியங்களைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன். ஸ்டேஷனிலிருந்து கடை வரை நடப்பதற்குள் மூன்று இடத்தில் நின்றேன். உள்ளே நுழைந்ததும் பேச மூச்சு இல்லை.

கடைக்கார அம்மா சண்டைக்கு இடமும் கொடுக்கவில்லை. என்னைப் பிடித்து ஓர் அரிசி மூட்டைமேல் உட்காரவைத்து, புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கி, காலின் முன்பக்க எலும்பில் கட்டைவிரலை அழுத்தினார். எடுத்தபோது குழி அப்படியே நின்றது. நாங்கள் மூவரும் அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். என் சண்டை வாக்கியங்கள் எல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை.

"பார்த்தியா, தண்ணி" என்றார் என் கணவரிடம். "சதை இல்லே. உன் பொண்டாட்டிக்கு உடம்பிலே தண்ணி நிக்குது."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் தமிழில் தண்ணி என்றால் தண்ணிதான்.

நாக்கை நீட்டச் சொன்னார். இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து வெகுநேரம் பார்த்தார். "முதல்லே கண்ணு வீங்குச்சா, காலு வீங்குச்சா?" என்று கேட்டார். கண் என்றேன். "அதுக்கு முன்னே தொண்டை வலியா?" ஆமாம் என்றேன். எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்து எல்லாவற்றையும் பார்த்தவர் கேட்கிற மாதிரி இருந்தது.

பக்கத்தில் அவருடைய தேநீர்க் கெட்டில் இருந்தது. மூடியில் இருந்த சின்ன ஓட்டையை விரலால் அடைத்துக்கொண்டு கெட்டிலைச் சாய்த்தார். ஒரு சொட்டுக்கூட விழவில்லை. விரலை எடுத்ததும் தேநீர் கொட்டியது. "மூச்சுப் பை மேலே இருக்குது, மூடி மாதிரி. குளிர் காத்து வந்து அதை அடைச்சிடுச்சு. அப்புறம் தண்ணி கீழே இறங்காது, மேலேயே நிக்கும். அதான் முதல்லே மூஞ்சி. எங்க ஆளுங்க இதுக்குக் காத்துத் தண்ணின்னு பேர் வச்சிருக்காங்க." காலில் தொடங்கி மேலே ஏறும் வீக்கம் வேறு கதையாம், அது உள்ளேயே பலவீனத்தால் வருவதாம். வீங்கிய முகத்தைப் பார்த்ததும், எங்கே தொடங்கியது என்றுதான் முதலில் கேட்கவேண்டும் என்று அவர் அப்பா சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

கடைசியாக, குரலைத் தாழ்த்தி, "ஒண்ணுக்கு என்ன கலர்?" என்றார். கணவர் முன்னால் எனக்குக் கூச்சம். அந்தக் கெட்டிலைக் காட்டினேன். உள்ளே இருந்த கறுப்புத் தேநீரைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. தலைவலி உண்டா என்றார், விடாமல் வலிக்கிறது என்றேன்.

என் கணவர் இழுப்பறைகளைக் காட்டி, "மருந்து குடுங்க, என்ன விலையானாலும் பரவாயில்லை" என்றார். அந்த அம்மா தலையை ஆட்டி மறுத்தார்.

"நான் குடுக்கமாட்டேன். உள்ளே ரத்தம் போவுது. தலை வலிக்குதுன்னு வேறே சொல்றா. இன்னிக்கே ஆஸ்பத்திரி. நாளைக்கு இல்லே, இன்னிக்கே." வெளியே போய் அவரே டாக்ஸியை நிறுத்தினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரும் அதே இடத்தில்தான் கட்டைவிரலை அழுத்தினார். தொண்டை வலி வந்ததா என்று அவரும் கேட்டார். தொண்டைக் கிருமியை எதிர்க்கப் போன உடம்பு தன் சிறுநீரகத்தையே காயப்படுத்திக்கொண்டது என்று விளக்கினார். காற்றா கிருமியா என்று நான் இன்றுவரை வழக்குப் போடவில்லை. இரண்டு பேரும் என்னைச் சரியான கேள்வி கேட்டார்கள், எனக்கு அது போதும். ரத்த அழுத்தம் இருந்த இருப்பில் இன்னும் இரண்டு மூன்று நாள் விட்டிருந்தால் வலிப்பு வந்திருக்கலாம், உயிரே போயிருக்கலாம் என்று டாக்டர் கணவரைத் தனியாக அழைத்துச் சொல்லியிருக்கிறார். கணவர் அதை எனக்குச் சொன்னது வெகுநாள் கழித்து.

ஆஸ்பத்திரியில் உப்பே இல்லாத சாப்பாட்டில் மூன்று வாரம். தண்ணீர் இறங்க இறங்க என் பழைய ஒட்டிய கன்னம் திரும்பி வந்தது. அந்த நேரம் பார்த்து மாமியாரின் கடிதம் வந்தது. படத்தைப் பார்த்தார்களாம், மருமகள் முகம் பூரித்திருக்கிறதாம், ஏதாவது விசேஷம் உண்டா என்று கேட்டு எழுதியிருந்தார்கள். சிரித்துக்கொண்டே கணவரிடம் நீட்டினேன். அவர் படித்துவிட்டு அழுதார். "தினம் பக்கத்திலே இருந்தேன். எனக்குத் தெரியலையே" என்றார். வீட்டுக்கு வந்த பிறகும் அவருக்கு அது போகவில்லை. சாப்பிடும்போது என் முகத்தைப் பார்ப்பதும் தட்டைப் பார்ப்பதுமாக இருந்தார்.

நடக்கத் தெம்பு வந்த முதல் சனிக்கிழமை இருவரும் கடைக்குப் போனோம். கடைக்கார அம்மா என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். "இது உன் மூஞ்சி" என்றார். அந்தக் கன்னத்தை நல்லதாகச் சொன்ன முதல் ஆள் அவர்தான். என் கணவர் தயங்கித் தயங்கி, தனக்கு ஏன் தெரியாமல் போனது என்று அவரிடமே கேட்டார்.

"நீ தினம் பாக்குறே. கொஞ்சம் கொஞ்சமா வந்தா தெரியாது" என்றார். "நான் சனிக்கிழமைதான் பாக்குறேன்."

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் அன்று ராத்திரி அவர் நன்றாகச் சாப்பிட்டார்.

அன்று கடையில், சிறுநீரில் ரத்தம் நின்றதா, ரத்த அழுத்தம் இறங்கியதா என்று விசாரித்த பிறகுதான் அந்த அம்மா சாப்பாட்டைப் பற்றிப் பேசினார். சின்னச் சிவப்புப் பயறு ஒரு பொட்டலம், வெள்ளைப் பூசணியில் ஒரு துண்டு. ஊரில் திருஷ்டிக்கு உடைப்பதற்குப் பேர் போன பூசணியை நான் சிட்னியில்தான் மருந்தென்று சாப்பிட்டேன். பிறகு டாக்டரிடம் கேட்டேன், உப்பு போடாமல் எதை வேண்டுமானாலும் சாப்பிடுங்கள் என்றார்.

கடையில் அந்த அம்மாவிடம் என்ன சொல்வது என்று வரும்போது ரயிலிலேயே யோசித்து வைத்திருந்தேன். "ரொம்ப நன்றிங்க" என்றேன்.

"நன்றின்னா என்னா?" என்றார்.

கேலி இல்லை. உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை. அப்பாவின் கடைக்கு வந்த தோட்டத்து ஜனங்கள் யாரும் அந்தச் சொல்லைப் பேசியிருக்கமாட்டார்கள். யோசித்தால், நான் மட்டும் எங்கே பேசினேன்? கடிதத்தில் எழுதியிருப்பேன். பெற்ற அம்மாவிடமோ, கட்டிய கணவரிடமோ வாயால் சொன்னதில்லை. அர்த்தம் சொல்லப் பார்த்தேன், வரவில்லை. அவர் பூசணித் துண்டைத் தராசில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கடைசியில் அவருடைய தமிழிலேயே சொன்னேன். முதல் தடவையாக நானும் அவரை நீ என்றேன்.

"அன்னிக்கு நீ அரிசி குடுத்திருந்தா நான் செத்துப் போயிருப்பேன்."

தராசிலிருந்து கையை எடுத்தார். பிறகு முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாப்பிட்டியா?" என்றார்.

இல்லை என்றேன். உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் கஞ்சி கொண்டுவந்து வைத்து, "உப்பு போடலே" என்றார். வாடிக்கையாளர்கள் காத்திருந்தார்கள். நான் குடித்து முடிக்கும்வரை அவர் யாருக்கும் எதுவும் நிறுக்கவில்லை.