எந்தத் தம்பி?

இரும்புப் பட்டறையில் அவளுக்குக் கழுகு என்று பெயர். கூரையை ஒட்டி ஓடும் கிரேனின் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்தபடி, கீழே யார் வேலை செய்கிறார்கள், யார் செய்வதுபோல் நடிக்கிறார்கள் என்று எல்லாவற்றையும் பார்த்துவிடுவாள் என்பதால் வந்த பெயர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவளுக்கு அந்தக் கூண்டுதான். கீழே நின்று சுமையைக் கொக்கியில் மாட்டிக் கை காட்டுகிறவரை விசில் என்பார்கள். அவசரமென்றால் காது கிழிய ஊதுவார்.

அவள் கணவர் ரொட்டிக்கடையில் அடுப்பு வேலை பார்ப்பவர். அவருடைய தங்கை ஒருநாள் டிவியில் போட்டு விளையாடும் கேம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனாள். பழைய கால வீடியோ கேம்போலக் கட்டம் கட்டமான படம். வெள்ளம் ஏறும் கட்டடத்தில், மேல்மாடியில் மாட்டிக்கொண்ட அம்மாவைத் தேடி ஒரு சிறுமி போகிறாள். அறைக்கு அறை புதிர். பெட்டியை நகர்த்தி மேடை கட்ட வேண்டும், தண்ணீரை வேறு பக்கம் திருப்ப வேண்டும். லீவர் பழகிய கை என்பதால் விளையாடுவது அவள். திரையில் வரும் எழுத்தை வாய்விட்டுப் படித்து, கதைக்கு உருகி மூக்கை உறிஞ்சிக்கொள்வது அவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு கதவைத் திறந்து சிறுமியை உள்ளே நடத்தினாள். கணவரிடமிருந்து சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால் மனிதர் அழுதுகொண்டிருந்தார்.

"என்னங்க ஆச்சு?"

"தம்பியை விட்டுட்டுப் போறாளேம்மா. பாவம், அங்கேயே நிக்கிறான் பாரு."

"எந்தத் தம்பி?"

"விளையாடுறியா? ஆரம்பத்துலேர்ந்து பின்னாடியே வர்றானே, அவன்தான்."

அவர் எழுந்துபோய்த் திரையில் விரல் வைத்தார். விரல் இருந்த இடத்தைப் பார்த்தாள். நீலச் சட்டை போட்ட ஒரு பொடியன் நின்றிருந்தான். பார்வையைச் சிறுமிக்குத் திருப்பினாள். பொடியன் இல்லை. இடப்பக்கம், சற்றுக் கீழே, தரையின் கட்டங்கள் மட்டும் ஒழுங்காக இருந்தன. மறுபடி அவனைப் பார்த்தாள், இருந்தான். சிறுமியைப் பார்த்தாள், அவனைக் காணோம்.

கதவுக்குக் கதவு சிறுமி "வா, பயப்படாதே" என்பாள். தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொள்கிறாள் என்றே இவள் நினைத்திருந்தாள்.

"சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போய்த் தாழ் போட்டாள். சுவரில் ஒரு கறையை உற்றுப் பார்த்தபடி கையைக் கீழே இடப்பக்கம் நீட்டினாள். ஓரிடத்தில் விரல்கள் மறைந்தன. ஒரு கண்ணை மூடினாள், மறு கண்ணை மூடினாள். எந்தக் கண்ணிலும் அதே இடம். போன வாரம் இரும்புக் குழாய்க் கட்டு ஒன்றை நகர்த்தியபோது விசில் துள்ளிக் குதித்து விலகி, "எங்க பாத்து ஓட்டுற தங்கச்சி?" என்று கத்தியது ஞாபகம் வந்தது. அவர்தான் எங்கிருந்தோ குறுக்கே வந்துவிட்டார் என்று அன்றைக்கு அவள் பதிலுக்குக் கத்தியிருந்தாள். நாள் முழுக்க அவள் பார்ப்பது கொக்கியை. கொக்கிக்குக் கீழே இடப்பக்கம் நிற்பவர் அவர்.

திங்கட்கிழமை கணவரிடம் ஒன்றும் சொல்லாமல் வேலைக்குப் போனாள். ஏணி ஏறிக் கூண்டில் உட்கார்ந்து கொக்கியைப் பார்த்தாள். கீழே யாருமில்லை. சுத்தமான சிமெண்டுத் தரை. அந்தத் தரையிலிருந்து விசில் ஊதும் சத்தம் வந்தது.

கை லீவரில் படவே மறுத்தது. இறங்கிவிட்டாள்.

"இப்பத்தானே ஏறின? என்ன விஷயம்?" என்றார் மேஸ்திரி எரிச்சலாக.

"கொக்கியைப் பார்த்தா விசில் அண்ணன் தெரியமாட்டேங்கிறாரு."

மேஸ்திரி சிரிக்க வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டார். விசில், பக்கத்தில் கிடந்த இரும்பு உத்தரத்தின்மேல் மெல்ல உட்கார்ந்தார். கழுத்தைத் தடவிக்கொண்டார்.

மேஸ்திரி கூட்டிப்போன ஆஸ்பத்திரிக்குக் கணவரும் ஓடி வந்துவிட்டார், சட்டையெல்லாம் மாவு. கிண்ணம் போன்ற ஒரு கருவிக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுப்புள்ளியைப் பார்க்க வேண்டும், சுற்றிலும் வெளிச்சம் மின்னினால் பொத்தானை அமுக்க வேண்டும். கொஞ்ச நேரம் அமுக்கினாள். பிறகு எதுவும் மின்னவில்லை. மின்னவில்லையா, மின்னியும் தெரியவில்லையா? அந்த இருட்டில் பொத்தானைப் பிடித்துக்கொண்டு காத்திருந்ததைப்போல வாழ்நாளில் வேறெதற்கும் அவள் பயந்ததில்லை.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றார் ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா. "மூளையோட பின்பக்கத்துல சின்ன ரத்தக்குழாய் ஒண்ணு அடைச்சிருக்கு. சில மாசம் ஆகியிருக்கலாம்."

"அந்த இடம் இருட்டாவாவது தெரியணும் இல்லையா டாக்டர்?" என்று கேட்டாள் அவள்.

"தெரியாது. சுத்தி இருக்கிறதை வெச்சு மூளையே அந்த இடத்தை நிரப்பிடும். தரை இருந்தா தரை, சுவர் இருந்தா சுவர்."

போன பார்வை பெரும்பாலும் திரும்பாது என்றார். இன்னொரு அடைப்பு வராமலிருக்க மாத்திரை எழுதினார். கிரேன் கூடவே கூடாது என்றார்.

இப்போது அவள் பட்டறையின் பின்னறையில் சங்கிலிகளைக் கண்ணி கண்ணியாகத் தடவி விரிசல் தேடுகிறாள். அந்தக் கேமை முதலிலிருந்து ஆரம்பித்து, நீலச் சட்டையைத் திரும்பித் திரும்பிப் பார்த்து நடத்தியே முடித்தாள். பயம் மட்டும் போகவில்லை. தெருவைக் கடக்கும்போது இடப்பக்கம் காலியாகத் தெரிந்தால் அங்கேயே நின்றுவிடுகிறாள்.

"ஒண்ணும் வரலம்மா, வா" என்கிறார் கணவர்.

"நல்லாப் பாத்தீங்களா?" என்று கேட்டு, தானும் தலையைத் திருப்பிப் பார்த்த பிறகே காலை எடுத்து வைக்கிறாள்.