ஒரு நிமிஷத்தில் காணாமல் போகும் சர்வர்

போன செவ்வாய்க்கிழமை காலை, ஒருத்தரைத் திட்டுவதற்காகவே போட் ஏறி மட்டாஞ்சேரிக்குப் போனேன்.

ஆபீஸில் என்னை அனுப்பியது என்னவோ ஒரு பட்டனை அமுக்கிவிட்டு வரத்தான். திட்டுவது என் சொந்த ஏற்பாடு! எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது உங்களுக்குத் தெரியாதா? வாராவாரம் படிக்கிறீர்களே...

விஷயத்தைச் சொல்கிறேன். நான் வேலை பார்க்கிற ஏற்றுமதிக் கம்பெனிக்கு ஹெட் ஆபீஸ் கொச்சி வெலிங்டன் தீவில். கோடவுன் மட்டாஞ்சேரியில். மிளகும் சுக்கும் அங்கேதான் எடை போட்டு, மூட்டை கட்டி, கன்டெய்னரில் ஏறும். அந்தக் கோடவுனில் ஒரு சர்வர் இருக்கிறது. பார்வைக்கு ஒரே பெட்டி. உள்ளே நாலு கம்ப்யூட்டர்கள் குடித்தனம் நடத்துகின்றன. எடைச்சீட்டு அடிக்க ஒன்று, ஸ்டாக் பார்க்க ஒன்று, கேட் பாஸ் போட ஒன்று, இப்படி. இந்தப் பெட்டிக்கு 'ஹோஸ்ட்' என்று பெயர். தீவில் உட்கார்ந்துகொண்டு இந்த மாதிரி ஹோஸ்ட்களை எல்லாம் மேய்க்கிற இன்னொரு சர்வர் உண்டு. அது மேனேஜ்மென்ட் சர்வர். அதை மேய்ப்பது அடியேன்.

திங்கட்கிழமை காலை என் திரையில் மட்டாஞ்சேரி ஹோஸ்ட் பக்கத்தில் சிவப்பு. 'பதில் இல்லை' என்றது.

உடனே கோடவுனுக்குப் போன் போட்டேன். எடுத்தது சுமதி. அங்கே கம்ப்யூட்டர் வேலை எல்லாம் அவர் ஒருத்தர்தான். முப்பது வயசு இருக்கும். அப்பா கொச்சி நகரசபையில் துப்புரவு வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அந்தக் குடும்பத்திலேயே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த முதல் ஆள் சுமதி. டேட்டா என்ட்ரிக்குச் சேர்ந்து, தானாகவே சர்வர் வேலையைக் கற்றுக்கொண்டவர். என்னை மாதிரி சுவரில் சர்டிஃபிகேட் மாட்டியவர் இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அன்றைக்கு என் மண்டையில் ஓடியதும் அதுதான்.

"சர்வர் செத்துப்போச்சும்மா. ரீஸ்டார்ட் பண்ணு" என்றேன்.

"இல்ல சார், குழப்பமொண்ணும் இல்ல, நல்லா ஓடிட்டிருக்கு. எடைச்சீட்டு வந்துட்டேதான் இருக்கு. உங்களுக்குத்தான் தெரியல."

"எனக்குத் தெரியலையா?!"

"சார், ஒரு விஷயம். உங்க சர்வரோட பேசற அந்த ஏஜென்ட் புரோகிராமை மட்டும் நான் இங்க இருந்து ரீஸ்டார்ட் பண்ணேன். உங்க ஆபீஸ் பையன்கிட்ட சொல்லி கனெக்ட் கொடுக்கச் சொன்னேன். கனெக்ட் ஆகுது சார், கரெக்டா ஒரு நிமிஷம் நிக்குது, அப்புறம் போயிடுது. ஓரோ தடவையும் அதே ஒரு நிமிஷம்தான்."

"நிமிஷக் கணக்கெல்லாம் எனக்கு வேண்டாம். ரீஸ்டார்ட் பண்ணு."

"மாட்டேன் சார். லோடு ஏறிட்டிருக்கு, புதன்கிழமை கப்பல். நடுவுல நிறுத்தினா சீட்டெல்லாம் நின்னுடும். கன்டெய்னர் ஏறினதும் நானே பண்றேன்."

மாட்டேன்! இருபது வருஷ சர்வீஸில் என்னிடம் யாராவது அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறார்களா? போனை வைத்த சூட்டோடு மேனேஜரிடம் போய் நின்றேன். "அந்தப் பொண்ணு சொன்னதைக் கேட்க மாட்டேங்குது சார்" என்று ஒரே வாக்கியம்தான் சொன்னேன். மனுஷனுக்கு அது போதுமாக இருந்தது.

சுமதியின் வேலை வருஷக் கான்ட்ராக்ட். அந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. புதுப்பிக்கிற தாளை எடுத்து மேனேஜர் ஓரமாக வைத்தார். "நீங்க போய் ரீஸ்டார்ட் பண்ணிட்டு, நடந்ததை ஒரு ரிப்போர்ட்டா எழுதிக் கொடுங்க. அதைப் பார்த்துட்டு இதுல கையெழுத்துப் போடலாமா வேண்டாமான்னு சொல்றேன்" என்றார்.

ஆக, ஒரு பெண்ணின் பிழைப்பு என் ரிப்போர்ட்டில் வந்து நின்றது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

மட்டாஞ்சேரி கோடவுனுக்குள் நுழைந்தால் மிளகு நெடி மூக்கைத் துளைக்கும். நாலு தும்மல் போட்டுவிட்டு நிமிர்ந்தால், எதிரே சுமதி. "சாயா சொல்லட்டா சார்?" என்றார். தயார் பண்ணிக்கொண்டு போன வசவு தொண்டையிலேயே நின்றுவிட்டது. சாயா தருகிறவரை எப்படித் திட்டுவது?

சர்வர் பக்கம் போனேன். பக்கத்திலேயே பிரின்டர் கடகடவென்று எடைச்சீட்டுத் துப்பிக்கொண்டிருந்தது. லோடிங் ஆட்கள் வந்து வந்து கிழித்துக்கொண்டு போனார்கள். செத்துப்போன சர்வர் இவ்வளவு சுறுசுறுப்பாகவா இருக்கும்?

பட்டனில் கை வைக்கவில்லை. சரி, ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். நெட்வொர்க் போகிறதா? போகிறது. பேரைச் சொன்னால் ஹெட் ஆபீஸ் சர்வரைக் கண்டுபிடிக்கிறதா? பிடிக்கிறது. இரண்டு பக்கமும் கடிகாரம் ஒத்துப்போகிறதா? போகிறது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது: "அது நான் பார்த்தாச்சு சார்." எரிச்சலாக வந்தது. இருந்தாலும் விடாமல் எல்லாவற்றையும் நானே மறுபடி பார்த்தேன். அவர் பார்த்தது சரியாகத்தான் இருந்தது.

அப்போது ஒரு நோட்டை என் முன்னால் நகர்த்தினார். முழுக்க மலையாள எழுத்து. "தமிழ் எழுத வராது சார், நான் வாசிக்கறேன்" என்று வாசித்தார். "பத்து பதினாலு கனெக்ட், பத்து பதினஞ்சு போச்சு. பத்து நாப்பது கனெக்ட், பத்து நாப்பத்தொண்ணு போச்சு..." பக்கம் நிறைய இதேதான்.

எனக்குப் பொட்டில் அறைந்தது போல் இருந்தது.

தொழில் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். துபாயில் இருக்கிற பிள்ளை தினமும் வீட்டுக்கு 'சாப்பிட்டேன்' என்று ஒரு மெசேஜ் போட வேண்டும் என்று அம்மா சட்டம் போட்டிருப்பார் இல்லையா? அதே மாதிரி ஹோஸ்டும் பத்து விநாடிக்கு ஒரு தரம் 'இருக்கேன், இருக்கேன்' என்று மேனேஜ்மென்ட் சர்வருக்கு ஒரு தகவல் அனுப்பும். ஒரு நிமிஷம் தொடர்ந்து அது வந்து சேரவில்லை என்றால், மேனேஜ்மென்ட் சர்வர் சிவப்பு போட்டுவிடும். சரியாக ஒரு நிமிஷத்தில் போகிறது என்றால் என்ன அர்த்தம்? இங்கிருந்து மெசேஜ் கிளம்புகிறது. அங்கே வாசலில் யாரோ மறிக்கிறார்கள்.

வாசல் என்றால் ஃபயர்வால். ஹெட் ஆபீஸுக்குப் புது ஃபயர்வால் ஞாயிற்றுக்கிழமைதான் மாட்டினோம். மாட்டியது யார்?

நான்.

தீவிலிருந்து மட்டாஞ்சேரியைக் கூப்பிடுவதற்கு வழி விட்டிருந்தேன். மட்டாஞ்சேரி அனுப்புகிற 'இருக்கேன்' உள்ளே வருவதற்கு வழி விடவில்லை. ஒரே ஒரு வரி, மறந்துபோயிருந்தேன். தீவில் இருக்கிற மற்ற ஹோஸ்ட்கள் அந்த வாசலைத் தாண்டவே வேண்டாம். அதனால் அவை எல்லாம் பச்சையாகச் சிரித்தன. என் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. என்றைக்கு வந்திருக்கிறது?

லேப்டாப்பைத் திறந்தேன். அந்த ஒரு வரியைச் சேர்த்தேன். கனெக்ட் கொடுத்தேன். ஒரு நிமிஷம் போனது. இரண்டு. ஐந்து. பச்சை அசையவில்லை. கன்டெய்னருக்கு மூட்டை ஏறிக்கொண்டே இருந்தது, ஒரு சீட்டுகூட நிற்கவில்லை.

"என்னவாயிருந்தது சார்?" என்று கேட்டார் சுமதி.

"சின்ன நெட்வொர்க் ப்ராப்ளம்மா" என்றேன்.

ஆமாம், அப்படித்தான் சொன்னேன். இப்போது எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது. 'கோளாறு சரிசெய்யப்பட்டது' என்று ரிப்போர்ட் எழுதினால் கதை முடிந்தது. யார் வந்து தோண்டப் போகிறார்கள்?

சுமதி குனிந்து என் திரையில் பச்சையைப் பார்த்தார். பிறகு, "அப்போ என் மேல தப்பில்லன்னு ரிப்போர்ட்டுல ஒரு வரி எழுதுவீங்களா சார்? வெள்ளிக்கிழமை கான்ட்ராக்ட் முடியுது. அம்மாவுக்கு மருந்து, வாடகை, எல்லாம் இதுலதான்" என்றார். அழவில்லை. கெஞ்சவும் இல்லை. அழுதிருந்தால்கூட நான் சமாளித்திருப்பேன்!

மனசு கேட்கவில்லை. அங்கேயே, அவர் மேஜையிலேயே உட்கார்ந்து மேனேஜருக்கு இங்கிலீஷில் மெயில் எழுதினேன். தவறு என்னுடையது. ஃபயர்வாலில் ஒரு வரியை நான் விட்டுவிட்டேன். சுமதி ரீஸ்டார்ட் செய்ய மறுத்தது சரி. செய்திருந்தால் லோடிங் நின்றிருக்கும், கோளாறும் அப்படியே இருந்திருக்கும். காரணத்துக்கான துப்பை அவர் திங்கட்கிழமையே சொன்னார், நான்தான் கவனிக்கத் தவறிவிட்டேன்.

ரொம்ப நேர்மையாக எழுதிவிட்ட பெருமிதத்தோடு திரையை அவர் பக்கம் திருப்பினேன். நிதானமாகக் கடைசி வரி வரை படித்தார்.

"கவனிச்சீங்க சார்" என்றார்.

"என்னம்மா?"

"ஒரு நிமிஷம்னு நான் சொன்னதை நல்லா கவனிச்சீங்க. 'நிமிஷக் கணக்கு எனக்கு வேண்டாம்'னு பதில்கூடச் சொன்னீங்களே? கவனிக்காம இல்ல சார். என்னை நம்பல. அவ்வளவுதான்."

குரலில் கோபமே இல்லை. இவருக்கு இது முதல் தடவை இல்லை என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. அதுதான் என்னை அதிகம் வருத்தியது. எத்தனை பேர் இப்படி, சரியான பதிலைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்கிறவன் நம்பட்டும் என்று காத்துக்கொண்டிருக்கிறார்களோ... நம் ஆபீஸ்களில், நம் வீடுகளில்?

அந்த வரியை அழித்தேன். 'அவர் சொன்னதை நான் நம்பவில்லை' என்று எழுதி அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை சுமதியின் கான்ட்ராக்ட் கையெழுத்தாகிவிட்டது. மேனேஜர் இப்போது என்னிடம் எழுத்து மூலமாக விளக்கம் கேட்டிருக்கிறார். பதில் தயார். அனுப்புவதற்கு முன்னால் சுமதியிடம் ஒரு தடவை காட்டிவிட வேண்டும் — சரியாக எழுதியிருக்கிறேனா என்று!