வேரில் இருந்த கட்டிகள்

விஜயராணி அக்கா தாராவியில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் இருக்கிறார். செம்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் வேலை. அந்தப் பழக்கத்தில் வீட்டு வாசற்படிக்கும் டெட்டால் ஊற்றுவார்.

“எம்மா, என் சோத்துத் தட்டு ஒண்ணுதான் பாக்கி. அதுலயும் ஊத்திரு” என்று மகள் ஸ்மிதா கிண்டல் செய்வாள்.

ஸ்மிதா காலேஜில் தாவரவியல் படித்தாள். ஒரு பெயின்ட் டப்பாவில் மண்ணைப் போட்டு அகத்தி வளர்த்தாள். செடி அவள் உயரத்துக்கு வந்த வருஷம் அவள் வயிற்றில் கட்டி வந்தது. வெட்டி எடுத்தார்கள். அவள் பிழைக்கவில்லை.

பிறகு அக்காவுக்கு மிஞ்சியது அந்த அகத்திதான். அதில் ஓர் இலை கிள்ளவும் யாரையும் விடமாட்டார்.

இந்த மழையில் டப்பாவின் அடி துருப்பிடித்து உடைந்துபோனது. செடியை வேறு டிரம்முக்கு மாற்ற நானும் போனேன். வெளியே தூக்கியதும் அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வேரெல்லாம் மிளகு மாதிரிச் சின்னச் சின்னக் கட்டிகள்.

“மக்கா, இதுக்கும் வந்துட்டு பாத்தியா.”

எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. அக்கா ஒவ்வொரு கட்டியாக நகத்தால் கிள்ளி எடுத்தார். வேரை டெட்டால் தண்ணீரில் அலசினார். பழைய மண்ணைச் சாக்கடையில் கொட்டிவிட்டுப் புது மண்ணில் நட்டார்.

“இனி ஒண்ணும் வராது” என்றார்.

இலைகள் மஞ்சளாகிக் கொட்டத் தொடங்கின. ஸ்மிதாவோடு படித்த அஃப்ஷாவுக்கு ஃபோன் செய்தேன். அவள் வந்து, நடந்ததைக் கேட்டுவிட்டு, டிரம்மில் இருந்த மண்ணைத் தொட்டுப் பார்த்தாள்.

“ஆண்டி, அது பீமாரி, நோய் எதுவும் இல்ல. அகத்தி வேரு மண்ணுக்குள்ள ஒரு ரசாயனத்தைக் கசிய விடும். அதை மோப்பம் பிடிச்சு நல்ல கிருமிங்க வரும். அதுங்க தங்குறதுக்கு வேரு கட்டிக் குடுக்கிற ரூம்தான் அந்தக் கட்டி. செடி அதுங்களுக்குச் சர்க்கரை குடுக்கும். அதுங்க காத்துல இருந்து செடிக்கு உரம் எடுத்துக் குடுக்கும். அந்தக் கிருமிங்க பழைய மண்ணுலயும் இருக்கும். அது கொஞ்சமாச்சும் இருக்கா?”

நான் சாக்கடையைப் பார்த்தேன். மழைத்தண்ணீர் கரையை முட்டி ஓடிக்கொண்டிருந்தது.

அக்கா கேட்டார்: “அப்ப கட்டின்னா எல்லாமே கெட்டதில்லையா?”

“இல்ல ஆண்டி.”

“எம்பிள்ளைக்கு இருந்ததையும் வெட்டாம விட்டிருக்கலாமோ? ஆப்பரேஷனுக்கு நாந்தானே கையெழுத்துப் போட்டேன்.”

அஃப்ஷா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஆண்டி, அது வேற, இது வேற.”

அகத்தி காய்ந்து குச்சியாகிவிட்டது. அதைப் பிடுங்க அக்கா விடவில்லை. படிக்கட்டில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், வெட்டாமல் விட்டிருக்கலாமோ என்று அதே கேள்வியைக் கேட்கிறார். நானும் அஃப்ஷா சொன்னதையே சொல்கிறேன். சரி என்று தலையாட்டிவிட்டு வேலைக்குப் போகிறார். மறுநாள் மறுபடி கேட்கிறார்.