துடைத்த பல்கனிகள்

போன கிழமை தபாலில் கனமான ஒரு பொதி வந்தது. செக் நாட்டு முத்திரை. வேலையால் வந்த களைப்போடு, டென்மார்க்கில் என் சில்க்போர்க் வீட்டின் சமையலறை மேசையில் வைத்து, வெங்காயம் வெட்டும் கத்தியால் நாடாவை அறுத்தேன். உள்ளே ஒரு புகைப்படப் புத்தகம். புதிதாக அச்சடித்த தாளின் மணம். அதை மணந்ததும் எனக்குக் கருவாட்டு மணம் நினைவுக்கு வந்தது. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புத்தகத்தை அனுப்பியவள் ஹனா. பேர்னோ என்கிற செக் நகரத்துப் புகைப்படக்காரி, என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். கொங்கிறீற் அடுக்குமாடிகளில் வாழும் மனிதரைப் படமெடுப்பதுதான் அவளுடைய வேலை. முதல் பாதி முழுக்க அவளுடைய நாட்டுக் கட்டடங்கள், பக்கம் பக்கமாகப் பல்கனிகள். ஒன்றில் பனிச்சறுக்குக் கட்டைகள், ஒன்றில் கொடியில் காயும் உள்ளுடுப்புகள், இன்னொன்றில் பெனியனோடு இருந்து உருளைக்கிழங்கு உரிக்கிற மனிதர். கடைசிப் பகுதியில் நாலு பக்கம், நாங்கள் முன்பு இருந்த ஜூட்லாண்ட் பகுதித் துறைமுக ஊர். எங்கள் கட்டடம், மூன்றாம் இலக்கம். அந்த நாலில் ஒரு பக்கத்தைத் தவிர மற்றவற்றில் பல்கனிகள் வெறுமையாக இருக்கின்றன. துடைத்த சீமெந்துத் தரை, கம்பி, வானம். ஆட்கள் குடிவரும் முன் எடுத்த படம் என்று யாரும் நினைப்பார்கள்.

அந்த வெறுமைக்குக் காரணம் நான்.

அந்தப் பல்கனிகள் உண்மையில் எப்படி இருந்தன என்று முதலில் சொல்கிறேன். அப்பாவுக்கு மீன் தொழிற்சாலையில் வேலை. கோடை வந்ததும், கொண்டுவந்த மீனை உப்பிட்டுக் கயிற்றில் கோத்துத் தொங்கவிடுவார். டென்மார்க் வெயிலில் கருவாடு காய்வதற்கு மனிதனுக்கு நிறையப் பொறுமை வேண்டும். கடற்காகங்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஒருமுறை ஒரு காகம் முழுக் கயிற்றையும் கவ்விக்கொண்டு பறந்து, எதிர்க் கட்டடத்துக் கூரையில் வைத்துச் சாப்பிட்டது. அப்பா பல்கனியில் நின்று, "அடேய், உப்புக் கூட, தண்ணி குடிச்சிட்டுப் படு" என்று கத்தினார். கம்பியோரம் அம்மாவின் ஐந்து தொட்டிகள்: மூன்று மிளகாய், ஒரு கத்தரி, ஒரு கறிவேப்பிலை. கறிவேப்பிலைக்குக் குளிர் ஆகாது. ஐப்பசியில் வீட்டுக்குள் வந்து சித்திரையில் வெளியே போகும். வீட்டில் எங்களுக்கு வாங்கிய ஜக்கெற்றுகளைவிட அதற்கு அதிகக் கவனிப்பு. மேல்மாடி ராணி அக்கா பூசணிக் கொடியைக் கம்பியால் இறக்கி விட்டிருந்தா. அது எங்கள் பல்கனிக்கும் வந்து காய்க்கும். எங்கள் பக்கம் காய்த்தால் எங்களுக்கு. அப்படி ஒரு சட்டம் யாரும் எழுதவில்லை, ஆனால் இருந்தது.

நான் எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தை முடித்தவன். படித்தவனுக்கு மணம் பற்றிய அச்சம் ஒன்று வந்துவிடும். ஆறாம் வகுப்பில் ஒரு பிள்ளை என் ஜக்கெற்றை மணந்துவிட்டு மூக்கைச் சுளித்தது. அன்றிலிருந்து அதை அலுமாரிக்குள் வைக்காமல் படுக்கையறை யன்னலுக்கு வெளியே தொங்கவிடப் பழகினேன். மாசியில் அது பலகைபோல விறைத்துக் கிடக்கும். போட்டுக்கொண்டு நடந்தால் நானே கதவு மாதிரி இருப்பேன். இன்றைக்கும் என் உடுப்பு அலுமாரி சமையலறைக்கு மிகத் தூரத்தில்தான் இருக்கிறது. சிரிக்காதீர்கள்.

பல்கலைக்கழகம் போன நாட்களில், எங்கள் குடியிருப்பை நடத்தும் வீட்டுச் சங்கத்தில் எனக்குப் பகுதிநேர வேலை கிடைத்தது. அரசின் சட்டம் ஒன்று அப்போது எங்கள் தலைக்குமேல் நின்றது. வேலை, படிப்பு, வருமானம், எங்கிருந்து வந்தவர்கள் என்று பலதையும் பார்த்துச் சில குடியிருப்புகளைப் பட்டியலில் போடுவார்கள். நீண்ட நாள் பட்டியலில் இருந்தால் வாடகை வீடுகளைக் குறைக்க வேண்டும். எங்களுடைய ஐந்து கட்டடங்களில் இரண்டை இடிப்பது என்று முடிவாகியிருந்தது. எந்த இரண்டு என்பது மட்டும் பாக்கி.

அந்தக் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்து விளங்கப்படுத்தினேன். படிப்புக் குறைந்தவர்கள் தொகையும் கணக்கில் வரும் என்றதும் அவர் சாப்பாட்டுக் கையோடு நிமிர்ந்தார்.

"நான் பள்ளிக்கூடம் போகாததுக்கு வீட்டை ஏன்டா இடிக்கிறாங்கள்?"

"உங்களை மட்டும் இல்லையப்பா, எல்லாரையும் சேர்த்துத்தான் பார்க்கிறாங்கள்."

"அப்ப நீ படிச்சது?"

முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களைத்தான் எண்ணுவார்கள், எனக்கு முப்பது ஆகவில்லை, என் படிப்பு அந்தக் கணக்கில் வராது என்று சொன்னேன். அவர் திரும்பவும் சோற்றைக் குழைத்தார்.

அந்த நேரத்தில்தான் ஹனா வந்தாள். கலைப் பரிமாற்ற உதவித்தொகையில் மூன்று மாதம். ஐந்து கட்டடங்களையும் அவள் படமெடுப்பாள். நகரசபை உறுப்பினர்கள் முடிவெடுக்கும் கூட்டத்தில் அந்தப் படங்கள் மண்டபச் சுவரில் தொங்கும். எதை இடிக்கிறோம் என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும் என்பது சங்கத்தின் யோசனை. அவளைக் கூட்டிக்கொண்டு திரிவதும், வீட்டுக்காரருக்கு முன்கூட்டிச் சொல்லிவைப்பதும் என் பொறுப்பு.

அவளும் நானும் ஆங்கிலத்தில்தான் கதைத்தோம். நினைவில் அது ஏனோ தமிழாகத்தான் கேட்கிறது. அவளும் கொங்கிறீற் கட்டடம் ஒன்றின் எட்டாம் மாடியில் வளர்ந்தவள். "எங்கட படிக்கட்டில ஒரு டொக்டர், ஒரு ட்ராம் ஓட்டுநர், ஒரு ஒபரா பாட்டுக்காரி. குளியலறைக் குழாய்க்குள்ளால பாட்டுக் கேட்கும்" என்றாள். பழைய கம்யூனிச ஆட்சியில் கட்டடம் கட்டும் காசில் ஒரு பங்கைக் கலைக்குச் செலவழிக்க வேண்டும் என்று விதி இருந்ததாம். அதனால் அவர்கள் முற்றத்தில் கொங்கிறீற்றில் ஒரு பெரிய மீன். பிள்ளைகள் அதன் முதுகில் சறுக்கி விளையாடுவார்கள். ஆட்சி மாறியபின் பலர் தங்கள் வீடுகளை வாங்கிக்கொண்டார்கள். சாம்பல் சுவர்களுக்கு மஞ்சளும் பச்சையும் பூசினார்கள். மீனை மட்டும் யாரோ ஒருநாள் உடைத்து அள்ளிக்கொண்டு போனார்கள்.

"அங்க மீனை எடுத்திட்டு ஆட்களை விட்டாங்கள். இங்க ஆட்களை எடுத்திட்டு மீன் வைப்பாங்கள் போல" என்றாள்.

தன் நாட்டைப் புகழ்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. ரோமா என்கிற ஒதுக்கப்பட்ட சிறுபான்மை மக்களுக்கு அந்த எட்டாம் மாடி கிடைக்கவில்லை என்று சொன்னாள். ஊர் விளிம்பில், ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை என்று பழைய தொழிலாளர் விடுதிகள். அங்கே படமெடுக்க அவளுக்கு அரசின் கலை நிதி கிடைத்தது. அங்கே இருந்தவர்களுக்கு அதே அரசிடம் வீடு கிடைக்கவில்லை. "படங்கள் நல்லா வந்தது" என்று சிரித்தபடி சொல்லிவிட்டுச் சிகரெட்டைப் பற்றவைத்தாள். அந்தச் சிரிப்பில் இருந்த வெட்கம் எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது.

எங்கள் கட்டடத்தைப் படமெடுக்கும் நாளுக்கு முதல்நாள் நான் வீடு வீடாக ஏறினேன். சங்கம் சொன்னது, "நாளை புகைப்படக்காரி வருகிறார் என்று சொல்" என்பது மட்டும். எங்கள் கட்டடத்தில் மட்டும் மிச்சத்தை நானே சேர்த்தேன். சபை உறுப்பினர்கள் பார்க்கப்போகிற படம். எங்களை எப்படி நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியும் என்று நம்பினேன், படித்தவன் அல்லவா. கருவாட்டை இறக்குங்கள், தொட்டிகளை எடுங்கள், வாசலில் செருப்பு வேண்டாம், யன்னலைத் திறந்து வையுங்கள். ராணி அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றா.

"பூசணியை என்னடா செய்யிறது? சுருட்டிக் கட்டிலுக்குக் கீழ வைக்கிறதோ?"

"வெட்டுங்கோ அக்கா. திரும்ப நடலாம்தானே. ஒருநாள் அலுவல்."

"ஒருநாள் அலுவல் எண்டுதான் நானும் இந்த நாட்டுக்கு வந்தனான்."

வெட்டினா. சிரித்துக்கொண்டே, பிஞ்சோடு வெட்டினா.

கீழ் வீட்டில் தனியாக இருந்த டேனிஷ் அம்மா ஒருவர் மட்டும், "என்னுடைய வீடு, என்னுடைய குப்பை" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். களிமண் பொம்மைகள் நிறைந்த அவருடைய பல்கனி, புத்தகத்தில் ஒரு முழுப் பக்கம் வந்திருக்கிறது. மூன்றாம் இலக்கத்தில் ஆள் வாழ்ந்ததற்கு அது ஒன்றுதான் சாட்சி.

மறுநாள் ஹனா ஒவ்வொரு வீடாக வந்தாள். வாசலில் எல்லோரும் வெளிக்கிட்டு நின்றார்கள், ஞாயிறு ஜெபத்துக்குப் போகிற உடுப்பு. அவள் பல்கனியை எட்டிப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், ஒரு படம் எடுப்பாள். நான் பெருமையோடு பின்னால் நின்றேன். எங்கள் வீட்டுக்கு வந்ததும் அம்மா பலகாரத் தட்டை நீட்டினா. ஹனா கை கழுவவேண்டும் என்று கேட்டு, யாரும் தடுக்கும் முன் குளியலறைக் கதவைத் திறந்துவிட்டாள்.

உள்ளே எல்லாம் இருந்தன. ஷவருக்குக் கீழே ஐந்து தொட்டிகள், துணி காயவைக்கும் கம்பியில் கருவாடு, கழுவும் தொட்டிக்குள் அப்பாவின் தொழிற்சாலைச் சப்பாத்து. எல்லாவற்றுக்கும் மேலே அந்த மணம், பூட்டிவைத்த கோபத்தோடு வெளியே வந்தது. ஹனா முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"இதைத்தானே நான் எடுக்க வந்தது. எடுக்கலாமா? இல்லாட்டி எல்லாத்தையும் வெளியில வைப்பம், நானும் தூக்கிறன்."

அம்மாவுக்கு மொழி விளங்கவில்லை, கமெரா தூக்கியது விளங்கியது. முகம் சிவந்துவிட்டது.

"ஐயோ, கக்கூசுக்குள்ள படம் எடுக்கிறதோ! வேண்டாமெண்டு சொல்லு தம்பி. மானம் போகுது."

அந்த இடத்தில் நான் அம்மாவுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். அம்மா, இவள் எங்களைக் கேலிசெய்ய வரவில்லை, இந்தத் தொட்டிகளைப் பார்த்தால் ஒருவேளை சபைக்காரர் எங்களை விட்டுவிடுவார்கள், வெளியே எடுத்து வைப்போம், பத்து நிமிட வேலை என்று. எனக்கு அது விளங்கியிருந்தது என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. ஆனால் குளியலறை வாசலில் நின்ற எனக்கு, ஆறாம் வகுப்புப் பிள்ளையின் சுளித்த மூக்குத்தான் தெரிந்தது.

"அம்மாவுக்கு விருப்பமில்லை" என்றேன். ஹனா கமெராவை மூடினாள். பிறகு வெறும் பல்கனியை எடுத்துவிட்டுப் போனாள்.

கூட்டத்தில் படங்கள் வரிசையாகத் தொங்கின. மற்றக் கட்டடங்களில் சைக்கிள், தொட்டில், கம்பளம், பூ. எங்களுடையதில், களிமண் பொம்மைப் பல்கனி ஒன்றைத் தவிர, சீமெந்து. உறுப்பினர் ஒருவர், நல்ல மனிதர், குரலில் ஒரு துளி பகை இல்லை, "மிகவும் துப்புரவாக இருக்கிறது, ஆனால் இங்குள்ளவர்கள் பல்கனியைப் பாவிப்பதாகத் தெரியவில்லையே" என்றார். பிறகு குடியிருப்பாளர் பக்கம் திரும்பி, ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார். எங்கள் ஆட்கள் இரண்டு வரிசை நிறைய இருந்தார்கள். எழும்பியது ராணி அக்கா ஒருத்திதான். "எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, நன்றி" என்றா. அதிகாரிக்கு முன்னால் எங்கள் ஆட்கள் சொல்லும் மரியாதை அது. மொழிபெயர்க்க நின்ற நான் அதை ஒரு சொல் பிசகாமல் டேனிஷில் சொன்னேன். அதன் பின்னால் இருந்ததைச் சொல்லவில்லை. பூசணி வெட்டிய கதையை நான் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்.

ஒரு மாதத்தில் கடிதம் வந்தது. இடிப்பது முதலாம் இலக்கமும் மூன்றாம் இலக்கமும்.

படம் எப்படி இருந்தாலும் இடித்துத்தான் இருப்பார்கள், கணக்கை முன்பே போட்டுவிட்டார்கள் என்று ஹனா பிறகு எழுதினாள். இருக்கலாம். அப்படித்தான் என்று என்னால் ஒருநாளும் நிச்சயமாக நம்ப முடியப்போவதில்லை.

ராணி அக்கா எஸ்பியர்க்கில் இருக்கிற மகளிடம் போய்விட்டா. அம்மா அப்பாவுக்குக் கோல்டிங்கில் கீழ்த்தள வீடு, பல்கனி இல்லை. கறிவேப்பிலை முதல் குளிரிலேயே பட்டுப்போனது. வைக்க வெளிச்சமான யன்னல் கிடைக்கவில்லை. அப்பா ஓய்வெடுத்துவிட்டார், கருவாட்டைக் கடையில் வாங்குகிறார், உப்புச் சரியில்லை என்று திட்டிக்கொண்டே சாப்பிடுகிறார். மூன்றாம் இலக்கம் நின்ற இடத்தைப் போன கோடையில் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். புல்வெளி. மீன் எதுவும் வைக்கவில்லை, ஹனா சொன்னது அந்த அளவுக்குப் பிழை.

புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அம்மாவுக்குப் போன் அடித்து விஷயத்தைச் சொன்னேன்.

"எங்கட வீடும் வந்திருக்கே?"

"ஓம் அம்மா. மூண்டாம் மாடி, எங்கட பல்கனிதான்."

"வடிவாய் இருக்கே?"

"ஓம். நல்ல துப்பரவாய் இருக்கு."

"இருக்காதே பின்ன! அண்டைக்கு விடிய நாலு மணிக்கு எழும்பி, முழங்காலில நிண்டெல்லோ தேய்ச்சனான்." குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "எனக்கும் ஒரு புத்தகம் எடுத்துத் தா தம்பி. ஆக்கள் வந்தால் காட்டலாம்."

வாங்கித் தருகிறேன் என்றேன். போனை வைத்துவிட்டுப் படத்தை விளக்குக்குக் கிட்டப் பிடித்தேன். அம்மா எவ்வளவு தேய்த்தும் போகாமல், கம்பியோரமாகத் தரையில் ஐந்து வட்டங்கள் மங்கலாக இருக்கின்றன. தொட்டிகள் இருந்த இடம். கடைசி வட்டம் மற்றதுகளைவிடக் கொஞ்சம் பெரிது. அது கறிவேப்பிலை.